பயந்த பிள்ளையோடு வெளியே போவது: மொரீஷியஸ் பெற்றோர் பகிர்வு

ரோஸ் ஹில்லிலிருந்து:
எதற்கெடுத்தாலும் பயப்படும் பிள்ளைக்கு வாராவாரம் புது இடம் வேண்டாம். ஒரே இடம், ஒரே பாதை. முதலில் 30 நிமிடம் போதும். பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டம் இதற்குத் தோது: பாதை அகலம், மேடு பள்ளம் இல்லை, பெரிய ஆமைகள் வேலிக்குள். ராட்சத அல்லி பூத்திருந்தால் முதல் நாள் பூ வெள்ளை, இரண்டாம் நாள் இளஞ்சிவப்பு. எது புதுசு, எது பழசு என்று எண்ணவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது நாம்தான். "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று ஓயாமல் சொன்னால், அதைக் கேட்காமல் பிள்ளை அடுத்த அடி வைக்காது. அதற்குப் பதில் "பயம் 10-க்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். 8 என்றால் அங்கேயே உட்காருங்கள். 5, 4 என்று இறங்கிய பிறகு திரும்பலாம். உச்சத்திலேயே தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனசில் பதிந்துவிடும். அடுத்த முறை வாசலிலேயே அழுகை.

கியூர்பிப்பிலிருந்து:
மலைப்பக்கம் வருவதானால் கணக்கு வேறு. லெ பெத்ரின் காட்டுப்பகுதியில் எந்த மாதத்திலும் திடீரென்று தூறும். கால் நனைந்த பிள்ளைக்குக் குளிர் நடுக்கம் எது, பய நடுக்கம் எது என்று தெரியாது. மாற்றுக் காலுறை கட்டாயம். குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்துவிடும், அதனால் சாப்பாடு காருக்குள். நச்சுப் பாம்பு நம் தீவில் இல்லை. குளவிக்கூடு உண்டு, புதரை உலுக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சீனக் கொய்யா பறிக்கவிடுங்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் நடந்தது வாயில் வரும். (அந்தக் கொய்யா நம் காட்டைக் கெடுக்கும் களை. எவ்வளவு பறித்தாலும் பாவமில்லை!)

குட்லாண்ட்ஸிலிருந்து:
மூச்சுப் பயிற்சியைக் காட்டில் தொடங்காதீர்கள். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவதை வீட்டில், தூங்கப்போகும் முன் பழக்குங்கள். பயம் தலைக்கேறிய பிறகு எதுவும் மண்டையில் ஏறாது. வாரக்கணக்கில் பள்ளிக்குப் போக மறுப்பு, தூக்கக் கேடு, வயிற்றுவலி என்றிருந்தால் டாக்டரையும் பாருங்கள், காடு அதற்கு மாற்று இல்லை. எங்கள் பக்கத்துப் பிரா தோ வனம் சமதரை, சின்னக் கால்களுக்கு ஏற்றது. கொசு மருந்து தடவாமல் இறங்க வேண்டாம். ஜூன், ஜூலையில் 6 மணிவாக்கில் இருட்டிவிடும், மரத்தடியில் இன்னும் சீக்கிரம். 4 மணிக்குள் காருக்குத் திரும்புகிற மாதிரி கிளம்புங்கள்.