மஞ்சள் தைத்தேனியா: சாயம் வெளுத்தால் போதுமா?

கொக்குவில்_மாணவி:
வணக்கம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டை (தைத்தேனியா: ஒளிபட்டால் நீரிலுள்ள மாசைச் சிதைக்கும் வெள்ளைத் தூள்) யூரியாவுடன் அரைத்து 400 பாகை செல்சியசில் சூடாக்கியபோது இளமஞ்சள் தூள் கிடைத்தது. அதை மெதிலீன் நீலம் என்னும் சாயக் கரைசலில் இட்டு, கண்ணாடிக் குடுவையில் நண்பகல் வெயிலில் வைத்தேன். காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணித்தியாலத்துக்குள் நிறம் போய்விட்டது. வீட்டுக் கிணற்று நீரிலோ மாலைவரை நீலம் நிற்கிறது, தூளும் திரண்டு அடியில் படிகிறது. நைதரசன் புகுந்ததால் கட்புல (கண்ணுக்குத் தெரியும்) ஒளியில் தொழிற்படுகிறது என்று அறிக்கையில் எழுதலாமா?

வண்ணை_இரசாயனம்:
தங்கச்சி, அப்படி எழுத இன்னும் இடமில்லை. தைத்தேனியாவின் ஒரு பளிங்கு வடிவமான அனற்றேசின் சக்தி இடைவெளி (இலத்திரனை அருட்டத் தேவையான குறைந்தபட்சச் சக்தி) 3.2 இலத்திரன்வோல்ற்று; ஆகவே அது ஏறத்தாழ 388 நனோமீற்றரிலும் குறுகிய அலைகளையே உறிஞ்சும். சூரிய ஒளியில் அத்தகைய கழியூதா (ஊதாவுக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத) ஒளியின் பங்கு சுமார் 5 வீதந்தான் என்றாலும், நமது நண்பகல் வெயிலில் அதுவே யூரியா சேராத வெள்ளைத் தூளுக்கும் போதும். சாதாரணக் கண்ணாடியும் அதை முழுவதும் மறிக்காது. வெள்ளைத் தூளையும் பக்கத்தில் வைத்தீர்களா? இருட்டில் ஒரு குடுவை, தூளே இல்லாத ஒரு குடுவை? இவை இல்லாமல் எந்த முடிவும் நிற்காது. கழியூதாவை வெட்டும் வடி இல்லையெனில், செறிந்த சோடியம் நைத்திரைற்றுக் கரைசலை வெளிப்பாத்திரத்தில் நிரப்புங்கள். அது 400 நனோமீற்றருக்குக் கீழுள்ளதை மறித்துவிடும் (நஞ்சு, கையுறை அவசியம்).

அதைவிடப் பெரிய சிக்கல் சாயமே. மெதிலீன் நீலம் 664 நனோமீற்றர் அளவில் தானே செவ்வொளியை உறிஞ்சி, அருட்டப்பட்ட இலத்திரனைத் தைத்தேனியாவின் கடத்தற்பட்டைக்குக் (இலத்திரன்கள் தடையின்றி நகரும் சக்தி மட்டத்துக்கு) கொடுத்து, தானே சிதைந்துபோகும். அதில் நைதரசனுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆகவே சாயத்துக்குப் பதிலாக நிறமற்ற போமிக்கமிலத்தை எடுத்து, ஒளியூட்டியபின் தூளை வடித்து, நைதரசன் வாயுவைக் குமிழவிட்டுக் கரைந்த காபனீரொட்சைட்டை நீக்கி, காரத்துடன் நியமித்தால் (நடுநிலையாக்கத் தேவையான காரத்தை அளந்தால்) மிஞ்சிய அமிலத்தின் அளவு தெரியும். சலிசிலிக்கமிலம் வேண்டாம், அது தூளின் மேற்பரப்பில் பிணைந்து தானே மஞ்சளாகிவிடும்.

அளவெட்டியான்:
மஞ்சள் நிறத்தையும் நம்பிவிட வேண்டாம். 2001இல் அசாகி குழுவினர் நைதரசன் சேர்த்த தைத்தேனியா கட்புல ஒளியில் தொழிற்படுவதைக் காட்டிய பின் எல்லோரும் யூரியாவைத் தேடிப் போனார்கள். ஆனால் யூரியாவுடன் சூடாக்கிய தூளில் ஒளியை உறிஞ்சுவது பளிங்கினுள் புகுந்த நைதரசன் அல்ல, மேற்பரப்பில் ஒட்டிய காபன்–நைதரசன் பல்பகுதியமே என்று 2008இல் மிட்டோராஜும் கிஷ்ஷும் காட்டினார்கள். செந்நிறக்கீழ் நிறமாலையில் 1200 முதல் 1650 cm⁻¹ வரையிலான அலையெண் வீச்சில் பட்டைகள் தெரிந்தால் உங்கள் தூளும் அந்த வகைதான். அதுவும் பயனுள்ள ஒளியூக்கியே. பெயரைத்தான் சரியாக எழுத வேண்டும்.

வண்ணை_இரசாயனம்:
கிணற்று நீரை விட்டுவிட்டேன். யாழ்ப்பாணக் குடாநாட்டு நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்தில் அடியில் படியும் வெள்ளையை யார்தான் காணவில்லை? அதிலுள்ள இருகாபனேற்று, ஒளிபட்ட தூள் நீரில் உண்டாக்கும், மாசைத் தாக்க வேண்டிய ஐதரொட்சைல் மூலிகத்தை (சோடியில்லா இலத்திரன் கொண்ட, தாக்குதிறன் மிக்க துணிக்கையை) தானே பிடித்து, வலுக்குறைந்த காபனேற்று மூலிகமாக்கிவிடுகிறது. கல்சியம் அயன்களோ துணிக்கைகளைத் திரளச் செய்து, ஒளிபடும் பரப்பைக் குறைக்கின்றன. சாயம் தூளில் ஒட்டுவதற்கும் போட்டியாகின்றன. காய்ச்சி வடித்த நீரில் சோடியம் இருகாபனேற்றை மட்டும் சேர்த்து ஒன்று, கல்சியம் குளோரைட்டை மட்டும் சேர்த்து ஒன்று எனச் செய்தால் எது எவ்வளவு தடுக்கிறது என்று பிரித்தறியலாம்.

கொக்குவில்_மாணவி:
நன்றி அண்ணா. வெள்ளைத் தூளை நான் வைக்கவே இல்லை. வரும் கிழமை போமிக்கமிலத்துடன், இரு தூள்களையும் நைத்திரைற்று வடியுடனும் வடி இல்லாமலும் வைத்துப் பார்த்துவிட்டு அளவீடுகளை இங்கே பதிவேன்.