“குடிச்சிருந்தேன்”, “அவங்க கத்தவே இல்லை”: விளக்கக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி (மலைக்குழு_ஏற்காடு):
காப்பி எஸ்டேட் உள்ளகப் புகார்க் குழுக்களுக்கு (வேலை இடத்துல வர்ற பாலியல் புகாரை விசாரிக்கிற குழு) பயிற்சி தயாராகுது. பாலியல் வன்முறைப் புகார்ல எதிர்த்தரப்பு எழுதுற விளக்கக் கடிதத்தைப் படிச்சதும் உறுப்பினர்கள் மனசு இளகிடுது. எதைக் கவனிக்கச் சொல்லணும்?

சேலத்து_உளவியல்:
1984-ல டயானா ஸ்கல்லி, ஜோசப் மரோலா ரெண்டு பேரும் அமெரிக்கச் சிறையில இருந்த 114 பாலியல் குற்றவாளிகள்கிட்ட பேசி ஆய்வு வெளியிட்டாங்க. குற்றத்தை ஒத்துக்கிட்டவங்க “தப்புதான், ஆனா அன்னைக்கு நான் நானாவே இல்லை”ன்னாங்க. மறுத்தவங்க “அவளுக்கும் சம்மதம்தான்”னாங்க. மதுவை ரெண்டு தரப்புமே இழுத்தாங்க. முதல் தரப்புக்குத் தான் குடிச்சது சாக்கு. அடுத்தவங்களுக்கு அந்தப் பொண்ணு குடிச்சது சாக்கு. அதனால கடிதத்துல ஒவ்வொரு வரியும் பழியை யார் பக்கம் தள்ளுதுன்னு ஓரத்துல குறிச்சுக்கோங்க.

விசாரிக்கிறவர்:
“ஏன் செஞ்சீங்க”ன்னு கேட்காதீங்க. அது சாக்குச் சொல்ல நாமே வாசல் திறந்து விடுற மாதிரி. நடந்ததை வரிசையா கேளுங்க: அன்னைக்கு வேலை பிரிச்சது யார்? அந்தப் பொண்ணை மட்டும் குடோனுக்கு அனுப்பினது யார்? கதவைச் சாத்தினது யார்? மஸ்டர் நோட்டோட (வருகைப் பதிவேடு) ஒப்பிடுங்க. கூட இருந்தவங்களை வேற காட்டுக்கு அனுப்பத் தெரிஞ்சவர் “போதையில ஒண்ணும் தெரியலை”ன்னா, அது நிக்காது. அதுக்காக, குடிச்சதா எழுதினதை மட்டும் வெச்சுக் குற்றம்னு முடிவு கட்டவும் கூடாது.

வக்கீல்_அஸ்தம்பட்டி:
பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 63-வது பிரிவு தெளிவா சொல்லுது: உடம்பால எதிர்க்கலைங்கிற ஒரே காரணத்தால சம்மதம்னு ஆகிடாது. பயத்துல உடம்பு உறைஞ்சு போறது நிறைய பேருக்கு நடக்குது. தானா குடிச்ச போதைக்கு விலக்கு இல்லை. பாதிக்கப்பட்டவங்க 18 வயசுக்குள்ளன்னா போக்சோ சட்டம். சம்மதம்ங்கிற பேச்சே எடுபடாது. பத்துப் பேருக்குக் குறைவா வேலை செய்யற இடம், உதாரணமா செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைன்னா, புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகணும். குழுகிட்ட பொதுவா 3 மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும். பலாத்காரம்னா குழுவோட நிறுத்தாம, அந்தப் பெண் விரும்பினா போலீஸ்ல புகார் கொடுக்க நிர்வாகம் உதவியே ஆகணும்.

மலைக்குழு_ஏற்காடு:
நன்றிங்க. மன்னிப்புக் கடிதம் வந்தா?

விசாரிக்கிறவர்:
செஞ்ச காரியத்தைப் பேர் சொல்லி எழுதியிருக்காரான்னு பாருங்க. “மனசு புண்பட்டிருந்தா மன்னிக்கவும்”ங்கிறதுல அந்தக் காரியமே இல்லை. “எனக்கும் பொண்ணு இருக்கு”, “இத்தனை வருஷ சர்வீஸ்” எல்லாம் நல்லவர்ங்கிற பேரைக் காப்பாத்துற வரிகள். நடந்ததுக்குப் பதில் இல்லை. அதைக் காட்டி சமரசத்துக்கு அந்தப் பெண்ணை யாரும் நெருக்கக் கூடாது. விசாரணைக்கு முன்னாடி அவங்களே கேட்டாத்தான் சமரசம், அதுவும் பணத்தை வெச்சு இல்லை.