தாமஸ் எர்ஸ்கின்: கோர்ட்டில் புலி, நாடாளுமன்றத்தில் ஏன் எடுபடவில்லை?

கேள்வி (சட்ட மாணவி):
வணக்கம். ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) விசாரணை பற்றி எதை எடுத்தாலும் பிரிட்டனின் தாமஸ் எர்ஸ்கின் (1750–1823) பெயர் வருகிறது. கடற்படை, தரைப்படை இரண்டிலும் இருந்துவிட்டு 28 வயதில் வக்கீலாகி, 1806-ல் லார்ட் சான்சலர் (நீதித்துறையின் உச்சப் பதவி) ஆனவர். ஆனால் அரசியல்வாதியாக அவரை யாரும் பெரிதாகப் பேசுவதில்லையே, ஏன்?

பதில் (கிரிமினல் வக்கீல்):
நான் ஜூனியராக இருந்த நாளிலிருந்து இவர் வாதங்களைப் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அவருக்குப் பேச்சு வர வேண்டுமென்றால் பக்கத்தில் வழக்கில் மாட்டிக்கொண்ட ஒரு கட்சிக்காரர் வேண்டும், எதிரே பன்னிரண்டு ஜூரர்கள் வேண்டும். நாடாளுமன்றத்தில் இரண்டும் கிடையாது. 1783-ல் போர்ட்ஸ்மவுத் உறுப்பினராகி, தன் கட்சித் தலைவர் ஃபாக்ஸ் கொண்டுவந்த இந்தியா மசோதாவை (கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் மசோதா) ஆதரித்துப் பேசினார். மறுப்புச் சொல்லக் குறிப்பெடுக்கத் தொடங்கிய எதிர்த்தரப்பு வில்லியம் பிட், சற்று நேரத்தில் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்பார்கள். எர்ஸ்கின் அதிலேயே தளர்ந்துபோனாராம்.

அதே மனிதரை அடுத்த வருஷம் ஷ்ரூஸ்பரி கோர்ட்டில் பாருங்கள். செயின்ட் அசாஃப் தேவாலயத்தின் டீன் (தலைமைக் குரு) ஷிப்லி மேல் அரசை அவதூறு செய்ததாக வழக்கு. அவர் அச்சிட வைத்த சிறு பிரசுரத்தை எழுதியவர், அப்போது கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ். ஷிப்லியின் தங்கை கணவர். அன்றைய வழக்கப்படி ‘வெளியிட்டாரா’ என்று மட்டும்தான் ஜூரி சொல்லலாம். அது அவதூறா என்பது நீதிபதி கையில். ஜூரர்களோ, “வெளியிட்ட குற்றம் மட்டும்” என்றார்கள், அதாவது அது அவதூறு என்று ஒப்பவில்லை. நீதிபதி புல்லர் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை நகர்த்தப் பார்த்தார். எர்ஸ்கின் விடவில்லை, அதைப் பதிவு செய்யுங்கள் என்று நின்றார். உட்காருங்கள், இல்லையென்றால் வேறு விதமாக நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் புல்லர். எப்படி வேண்டுமானாலும் எடுங்கள், உங்கள் கடமை உங்களுக்குத் தெரிகிற மாதிரி என் கடமை எனக்குத் தெரியும் என்றார் இவர். புல்லர் யார் தெரியுமா? எர்ஸ்கின் தொழில் கற்ற சீனியர்! அந்த இடத்தைப் படிக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பதில் (வரலாற்று ஆசிரியர்):
அரசியலில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. அவதூறா இல்லையா என்பதையும் ஜூரியே முடிவு செய்யலாம் என்ற 1792 சட்டம் ஃபாக்ஸ் முன்மொழிந்து எர்ஸ்கின் வழிமொழிந்ததுதான். 1809-ல் விலங்குவதைத் தடுப்பு மசோதாவைப் பிரபுக்கள் சபையில் (மேலவை) நிறைவேற்றினார்; காமன்ஸ் சபை (கீழவை) தள்ளிவிட்டது.

சட்ட மாணவி:
நன்றி சார். ‘மனித உரிமைகள்’ நூலுக்காக வழக்கில் சிக்கிய எழுத்தாளர் தாமஸ் பெய்னுக்காக ஆஜரானதில் பதவி போனது உண்மையா?

கிரிமினல் வக்கீல்:
உண்மை. 1792-ல் வேல்ஸ் இளவரசரின் அட்டர்னி ஜெனரலாக (தலைமை வக்கீல்) இருந்தார், அது போனது. வழக்கும் தோற்றது. அப்படியும் 1794-ல் தேசத்துரோக வழக்கில் செருப்புத் தொழிலாளி தாமஸ் ஹார்டிக்காக நின்றார். தோற்றால் ஹார்டிக்கு மரண தண்டனை. அக்டோபர் 28-ல் தொடங்கி நவம்பர் 5-ல் விடுதலை.

நீங்கள் முதலில் படிக்க வேண்டியது 1778 பெய்லி வழக்கு. கிரீனிச் மாலுமிகள் இல்லத்தில் நடந்த முறைகேட்டை எழுதியதற்காகக் கேப்டன் பெய்லி சிக்கியிருந்தார். தொழிலுக்கு வந்து சில மாதங்களே ஆன எர்ஸ்கின், கடற்படை அமைச்சர் சாண்ட்விச் பிரபுவைப் பெயர் சொல்லியே தாக்கினார். அவர் இந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லையே என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் குறுக்கிட்டார். அதனால்தான் அவரைக் கோர்ட்டுக்கு முன்னால் இழுத்து வருகிறேன் என்றார் எர்ஸ்கின். பெய்லி தப்பித்தார்.