மறு: இன்லைன் ஸ்கேட்டிங்குக்கு என்ன சொல்? சறுக்கா, உருளா?

குழுவினருக்கு வணக்கம். ஒரே வரிசையில் சக்கரங்கள் கோத்த காலணியில் ஓடுகிற இன்லைன் ஸ்கேட்டிங்குக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'வரிச்சக்கரச் சறுக்கு' என்றே வைத்துவிடலாம். பனிச்சறுக்குதான் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

'சறுக்கு' மட்டும் வேண்டாம் ஐயா. நாற்பத்து நான்கு வயதில், எட்டு வயதுப் பிள்ளைகளோடு நின்று ஆறு வாரமாக இதைக் கற்றுவருகிறேன். முதல் நாள், நடக்கிற பழக்கத்தில் வலது காலைப் பின்னுக்கு உந்தினேன். சக்கரம் பின்னால் ஓடிவிட்டது, நான் முன்னால் கையூன்றி விழுந்தேன். குதிகால்களைச் சேர்த்து, முன்பாதங்களை விரித்து, முட்டியை மடக்கி, காலைப் பக்கவாட்டில் தள்ளினால்தான் நகர முடிகிறது. சக்கரம் முன்னும் பின்னும் உருளும். குறுக்கே நகராமல் தரையைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடிமானம் இருப்பதால்தான் உந்தவே முடிகிறது. மழை ஈரத்தில் ஒருநாள் உண்மையிலேயே சறுக்கியது. அன்று வகுப்பு அத்தோடு முடிந்தது.

தவிர, 'யானைக்கும் அடி சறுக்கும்' என்கிற மொழியில் சறுக்கல் என்றாலே பிசகு. 2025 உலக ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்ற சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமாரை 'சறுக்கு வீரர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> காற்சில்லு?

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஈழத்தில் சைக்கிள் சக்கரமும் சில்லுதான். ஆனால் முழங்காலில் ஏற்கெனவே ஒரு சில்லு இருக்கிறதே! 'காற்சில்லு உடைந்துவிட்டது' என்றால் கடைக்குப் போவதா, எலும்பு மருத்துவரிடம் போவதா? கணினிக்காரர்கள் வேறு சில்லைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள்.

என் முன்மொழிவு: காலணி போல 'உருளணி'. சக்கரங்கள் ஒரே வரிசையில் இருந்தால் வரியுருளணி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்றால் நாலுருளணி. பொதுச்சொல்லை நாலுசக்கரத்துக்கே கொடுத்துவிட்டு, வரிசைச் சக்கரத்துக்கு மட்டும் அடைமொழி போடலாம் என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். அது முறையல்ல. நியூயார்க்கில் பிளிம்ப்டன் என்பவர் நாலுசக்கர வகைக்குக் காப்புரிமை வாங்கியது 1863-இல். லண்டனில் டையர்ஸ் என்பவர் 1823-லேயே ஐந்து சக்கரங்களை ஒரே வரிசையில் கோத்துவிட்டார். மூத்தது வரிசைதான்.

செயலுக்கு 'உருளோட்டம்'. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அங்கப்பிரதட்சணமா?" என்றாள் மனைவி. நான் விழுகிற விதத்தைப் பார்த்தவள் அவள், குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் 'ஓட்டம்' சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

பின்புறத் தடைக்கு முதலில் 'குதித்தடை' என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். குதிக்கத் தடை என்றல்லவா படிப்பார்கள்! வலது காலை முன்னே நீட்டி, முன்பாதத்தைத் தூக்கினால் தரையில் தேய்கிற ரப்பர் துண்டு அது. சைக்கிள் கடையில் பிரேக் கட்டை என்கிறோமே, அதேதான். 'குதிகால் கட்டை' போதும். தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

வினைதான் இன்னும் இடிக்கிறது. 'உருளோடினாள்' என்று ஒரே சொல்லாக எழுதலாமா, 'உருளணியில் ஓடினாள்' என்று பிரிப்பதே நல்லதா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது; அதற்குள் எழுதினால் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கிறேன்.