கல்லூரி மழைநீர்த் தோட்டத்தைத் தன்னார்வலர்களைக் கொண்டு பராமரிப்பது எப்படி?

கேள்வி (வைகைக்கரை):
மதுரைக்கு அருகே ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன் பணியாற்றுகிறேன். விடுதிக் கூரையிலிருந்தும் வாகன நிறுத்துமிடத்திலிருந்தும் ஓடிவரும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்படி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் முக்கால் அடி ஆழத்தில் மூன்று பள்ளத் தோட்டங்கள் அமைத்து, வெட்டிவேரும் கோரையும் கல்வாழையும் நட்டோம். முதல் ஆண்டு அரை நாளில் நீர் வடிந்தது. சென்ற ஐப்பசியிலோ நான்கு நாள் நின்றது; கொசு பெருகுகிறது என்று விடுதியினர் குறைசொல்ல, மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்துவிட்டது. மரம் நட ஐம்பது பேர் வருகிறார்கள். களையெடுக்க ஐந்து பேர் வருவதில்லை. என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான்:
திருமங்கலம் பக்கத்துக் கரிசல் என்றால் நீர் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால், முதல் ஆண்டு வடிந்த பள்ளம் இப்போது வடியவில்லை என்பதால் மண்ணைக் குறைசொல்ல முடியாது. வாகன நிறுத்துமிடத்துப் புழுதி வண்டலாகப் படிந்து துளைகளை அடைத்திருக்கும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீர் நுழையும் வாயில் ஒரு சிறு வண்டல் குழியும் வெட்டுங்கள். பிறகு அந்தக் குழியை மட்டும் அள்ளினால் போதும். கொசு முட்டை பொரித்துப் பறப்பதற்குப் பெரும்பாலும் ஒரு வாரமாவது வேண்டும் என்பதால், இரண்டு நாளில் வடியும் பள்ளத்தில் அது பெருகாது. புதருக்குள் கிடக்கும் தேநீர்க் குவளைகளைப் பொறுக்கினீர்களா? நான் முதலில் அவற்றைத்தான் சந்தேகிப்பேன்.

மடைவாசல்:
எங்கள் கல்லூரியில் இதே முயற்சி தடுமாறியதற்குக் காரணம் சோம்பல் அன்று, நாள்காட்டிதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பருவத் தேர்வும் நவம்பரை ஒட்டியே வருகிறது. வாய் அடைபடும் வாரத்தில் பிள்ளைகள் நூலகத்தில் இருப்பார்கள். எனவே கனமான வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டு, மழைக்காலத்தில் பள்ளத்திற்கு இருவர் வீதம், மழை விட்டதும் கால் மணி நேரம் வாயைப் பார்ப்பது என்று மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த இருவரில் ஒருவர் முதலாண்டு மாணவராக இருந்தால்தான் அடுத்த ஆண்டு சொல்லித்தர ஆள் இருக்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறையோடு பிடுங்கச் சொல்லுங்கள். சிலருக்குத் தோல் அரிப்பு வந்துவிடும்.

கலுங்கு:
ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நம் கண்மாய்களில் ஊரே கூடிக் குடிமராமத்து செய்தாலும், மடையைத் திறந்து அடைக்க நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு விளைச்சலில் பங்கும் உண்டு. கோடை விடுமுறையில் பள்ளத்தை யார் பார்ப்பது? கல்லூரித் தோட்டக்காரரின் வேலை நேரத்தில் இதைச் சேர்க்காமல், மாணவர்களின் ஆர்வத்தை மட்டும் நம்பாதீர்கள். கல்வாழையையும் குறைத்துவிடுங்கள், நம்மூர்ச் சித்திரை வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்றி மாளாது. வெட்டிவேர் தாங்கும்.

வைகைக்கரை:
வாயருகே தோண்டிப் பார்த்தோம். நான்கு விரற்கடை வண்டல் இருந்தது. குவளைகள் ஒரு சாக்கு நிறையக் கிடைத்தன. தோட்டக்காரரிடம் பேசியதில், அந்தக் குழிக்குள் தம்மால் இறங்க முடியாது, படி ஒன்று வைத்துக் கட்டினால் அள்ளித் தருகிறேன் என்றார். இந்தச் சனிக்கிழமை முதலில் படியைக் கட்டுகிறோம்.