புதுப்பிப்பு: சாப்பாட்டு மேசைக்கு வெள்ளை ஓக்கே முடிவானது

ஆறு பேர் உட்காரும் மேசைக்குத் தேக்கா, ரப்பர் மரமா, ஓக்கா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வெள்ளை ஓக்கில் செய்து முடித்தாயிற்று.

பலரும் கடினத்தைப் பாருங்கள் என்றீர்கள். மரத்தின் கடினத்தைக் காட்டும் ஜான்கா அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) வெள்ளை ஓக் சுமார் 1360; ஒப்பிட்டுப் பார்க்க, கறுப்பு வால்நட் மரம் 1010. ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது மரத்திலுள்ள நுண்துளைகள்தான். ஓக்கின் இன்னொரு வகையான சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தே இருக்கும். சிறு துண்டு என்றால் ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். வெள்ளை ஓக்கில் அவை இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் ஈரம் எளிதில் இறங்காது. தண்ணீர் சிந்தாத சாப்பாட்டு மேசை உண்டா?

ஒரு எச்சரிக்கை. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், அது இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். ஈரமான இரும்புப் பாத்திரத்தை அப்படியே வைத்தால் கருநீலக் கறை விழும், அது தேய்த்தால் போகாது.

தேக்கும் அருமையான மரம்தான், அதில் சந்தேகமே இல்லை. நல்ல முதிர்ந்த பலகை கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ரப்பர் மரம் உறுதியானது, ஆனால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம், எந்த மரமானாலும் மேற்பலகையை அடிச்சட்டத்தோடு இறுக்கி ஒட்டிவிடாதீர்கள். பலகை பருவத்துக்கேற்ப அகலவாக்கில் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். எங்கள் தச்சர் திருகாணித் துளைகளை வட்டமாக இல்லாமல் பலகையின் அகலவாக்கில் நீட்டி வெட்டி, நகர இடம் விட்டிருக்கிறார். இதைக் கேட்டு வாங்குங்கள்.