டோபுட்சு ஷோகி: இன்னும் மனசில் நிற்கிற ஓர் ஆட்டம்

நடுக்கட்டம்:
டோபுட்சு ஷோகி, ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் குட்டி வடிவம்: ராஜாவுக்குப் பதில் சிங்கம், சிப்பாய்க்குப் பதில் கோழிக்குஞ்சு, பிடித்த காயை நம் காயாகத் திரும்பப் பலகையில் இறக்கலாம். என் அக்கா மகளும் அவளுடைய பெரியப்பாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் 81 கட்டப் பெரிய ஷோகியில் ஊறியவர். அவருடைய சிங்கம் மூலையில் ஒதுங்கியிருந்தது. பக்கத்துக் கட்டத்தை அவருடைய ஒட்டகச்சிவிங்கியே அடைத்து நின்றது, மூலைவாக்கில் தப்பிக்கிற கட்டத்தை இவள் யானை பார்த்துக்கொண்டிருந்தது. இவள் பிடித்து வைத்திருந்த கோழிக்குஞ்சை எடுத்து நேராகச் சிங்கத்தின் முன்னால் வைத்தாள். அதற்குப் பின்னால் இவளுடைய ஒட்டகச்சிவிங்கி காவல். முடிந்தது ஆட்டம்!

"கையிலிருந்து சிப்பாயை இறக்கி மேட் வைக்கக் கூடாதும்மா" என்றார் பெரியப்பா. பெரிய ஷோகியில் அது சரி. இதில் அப்படி ஒரு தடையே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் காயைத் திரும்ப எடுத்துவிட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மாலைக்காற்று:
எங்கள் வீட்டில் தகராறு எப்போதும் கடைசி வரிசையில்தான், சிங்கம் எதிராளியின் கடைசி வரிசையை எட்டினாலும் வெற்றி என்பதில். தம்பி சிங்கத்தை விறுவிறுவென்று ஏற்றி அப்பாவின் வரிசையில் வைத்தான், "ஜெயிச்சாச்சு" என்று எழுந்தே விட்டான். அப்பா ஒன்றும் பேசாமல் யானையை மூலைவாக்கில் ஒரு கட்டம் நகர்த்திச் சிங்கத்தைத் தூக்கினார். போய்ச் சேர்ந்தால் போதாது, அடுத்த நகர்த்தலில் பிடிபடாத இடமாக இருக்க வேண்டும். தம்பி நின்றபடியே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நடுக்கட்டம், பெரியப்பா பழக்கத்தில் சொல்லியிருப்பார். இதைப் பெரிதாக்க வேண்டாமே.

வெண்கொக்கு:
பெரிதாக்கத்தான் வேண்டும். 2008ல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய மடோகா கிடாவோ தொழில்முறை ஷோகி வீராங்கனை. அந்தத் தடை அவருக்குத் தெரியாதா என்ன? ஒரே நெடுவரிசையில் இரண்டு குஞ்சு வைக்கக்கூட இதில் தடையில்லை.

என் கதை சின்னது. நண்பர் ஒருவர் என் மகனோடு பாதி ஆட்டத்தில் இருக்கும்போது, "இதைக் கணினியில் தீர்த்துவிட்டார்கள், இரண்டாவதாக ஆடுபவர்தான் ஜெயிப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். மகன் அவர் காயை நகர்த்துவார் என்று காத்துக்கொண்டே இருந்தான்.

ஏணிப்படி:
அது டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டெட்சுரோ தனாகா 2009ல் கண்டது. இரண்டு பக்கமும் பிசகாமல் ஆடினால் 78 நகர்த்தலில் இரண்டாமவர் ஜெயிப்பார். எதிரில் உட்கார்ந்திருக்கிற யாருக்கு அந்த 78ம் மனப்பாடம்? 12 கட்டம், ஆளுக்கு நான்கு காய் என்பதால் எளிது என்று நினைக்கிறார்கள். பிடித்த காய் திரும்ப இறங்கும்போது பலகையே மாறிவிடுகிறது.

என் தங்கை ஒருமுறை தன் கோழியை, அதாவது எதிராளியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்து திருப்பி வைத்த குஞ்சை, பறிகொடுத்தாள். எதிராளி கையில் அது வெறும் குஞ்சாகிவிட்டதைப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் குழந்தைகளோடு ஆடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் நாளே எல்லா விதியையும் கொட்டாதீர்கள். காயிலேயே எந்தப் பக்கம் போகலாம் என்று புள்ளி போட்டிருக்கிறது, அதைப் பார்த்து ஆடட்டும். முதலில் சிங்கத்தைப் பிடிப்பது மட்டும். அப்புறம் பிடித்த காயை இறக்குவது. கடைசி வரிசை வெற்றியை எல்லாவற்றுக்கும் பிறகு சொல்லுங்கள். தொடக்கத்தில் இரண்டு குஞ்சும் நேருக்கு நேர் நிற்பதால், முதல் நகர்த்தலில் அதைப் பிடித்தாலே எதிர்ச் சிங்கத்துக்குச் செக். அந்தப் பதற்றத்தில் குழந்தை சிங்கத்தைப் பின்னால் இழுக்கப் பார்க்கும், பின்னால் இடமே இல்லை. யானையால் அந்தக் குஞ்சைப் பிடிக்கலாம் என்று அதுவே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் விரலை நீட்டாதீர்கள். அதே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா, இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாலைக்காற்று:
ஏணிப்படி, ஒன்று விட்டுவிட்டீர்கள். எதிராளியின் கடைசி வரிசையில் கையிலிருந்து இறக்கிய குஞ்சு கோழி ஆகாது, நகரவும் முடியாது. பலகையில் நடந்து போய்ச் சேர்ந்தால்தான் கோழி. எங்கள் சித்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, இறக்கியதுமே திருப்பி வைத்துவிடுகிறார்.